புளியங்கொட்டையில் ஒரு கணக்கு

“கூட்டல், கழித்தல் எல்லாம் போடுறா. கதையா வந்தா மட்டும் முழிக்கிறா” என்று மாமல்லபுரம் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவர் எங்களிடம் வருத்தப்பட்டார். பிள்ளைக்கு அடியும் விழுந்திருக்கிறது. அடித்து என்ன பயன்?

இந்தக் கணக்கைப் பாருங்கள்: ‘மாலாவிடம் 8 கிளிஞ்சல் மாலைகள் உள்ளன. அது ராணியிடம் இருப்பதைவிட 3 அதிகம். ராணியிடம் எத்தனை?’ ‘அதிகம்’ என்று பார்த்ததுமே பிள்ளை கூட்டி, 11 என்கிறது. கூட்டலில் தப்பில்லை. யாரிடம் அதிகம் என்பதுதான் பிடிபடவில்லை.

நோட்டை மூடி வையுங்கள். மாலாவுக்கு 8 புளியங்கொட்டையை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். “யார்கிட்ட அதிகம்?” என்று கேளுங்கள். பிறகு கீழே ராணிக்கு ஒரு வரிசை. கொட்டைக்கு நேராகக் கொட்டை, மேல் வரிசையில் 3 மட்டும் ஜோடியில்லாமல் நிற்கும்படி. 5 என்று பிள்ளையே எண்ணிச் சொல்லும். கொட்டையை நகர்த்த வேண்டியது பிள்ளைதான். நமக்குத்தான் கை சும்மா இருக்காது!

பெரிய எண் வந்தால் கொட்டை போதாது. தரையில் சாக்பீஸால் மாலாவுக்கு நீளமாக ஒரு பட்டை, ராணிக்குச் சின்னதாக ஒரு பட்டை போடலாம். சிங்கப்பூர் பள்ளிகளில் 1980களிலிருந்தே இப்படிப் பட்டை வரைந்து சொல்லித் தருகிறார்கள். 2022-இல் நம் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் செய்து பார்த்துக் கற்கும் முறைதான்.

படிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். கணக்கைப் பிள்ளை வாசிக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு, பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கு ஒன்றைக் கொண்டு வாருங்கள். கொட்டை வைத்துப் பார்ப்போம்.