அம்பாசடர் ஏன் கிளம்ப மறுக்கிறது?

ஹாரனை அழுத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. ஹெட்லைட்டைப் போட்டால் எதிர்ச்சுவரில் பளீரென்று வெளிச்சம் விழுகிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் ‘டக்’ என்று ஒற்றைச் சத்தம், அத்தோடு சரி. பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு காலைப்பொழுது என்றாவது வாய்த்திருக்கும். சுற்றி நிற்பவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: “பேட்டரி போயிடுச்சு, புதுசு வாங்கிப் போடுங்க.”

கொஞ்சம் பொறுங்கள், குழந்தைகளே. பேட்டரி போய்விட்டது என்றால் ஹெட்லைட் எப்படி எரிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரும் கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. வாருங்கள், பானெட்டைத் திறப்போம்.

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் உத்தரபாரா தொழிற்சாலையில் 1950-களின் கடைசியில் அம்பாசடர் தயாராகத் தொடங்கியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டிச் செய்த வண்டி அது. 2014-இல்தான் உற்பத்தி நின்றது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சின், 1489 சி.சி. கொள்ளளவு கொண்டது, அறிவியல் படிக்கிறவர்களுக்குக் கிடைத்த வரம் என்பேன். இன்றைய கார்களில் எல்லாவற்றையும் ஒரு கணினிப் பெட்டி மூடி மறைத்துவிடுகிறது. இதிலோ பேட்டரியிலிருந்து புறப்படும் கம்பி எங்கே போகிறது, பெட்ரோல் குழாய் எங்கே வளைகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போகலாம்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. கை பெரியவருடையது, கண் உங்களுடையது. பேட்டரியில் கந்தக அமிலம் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காயிலிலிருந்து வரும் மின்னழுத்தம் ஆளைத் தூக்கிப்போடும். பெட்ரோல் ஆவி சிறு பொறிக்கும் பற்றிக்கொள்ளும். மெக்கானிக்கோ வீட்டுப் பெரியவரோ செய்யட்டும்; நீங்கள் பக்கத்தில் நின்று கேள்வி கேளுங்கள்.

இப்போது அந்த ‘டக்’. அது சோலனாய்டு என்ற சுவிட்ச் எழுப்பும் சத்தம். சாவியைத் திருப்பினால் சிறிய மின்சாரம் ஒரு கம்பிச்சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் ஒரு செம்புத் தகட்டை இழுத்து, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. நம் மெக்கானிக்குகள் அந்த மோட்டாரைச் ‘செல்ஃப்’ என்பார்கள். ‘டக்’ கேட்டதால் ஒன்று உறுதி: சிறிய மின்சாரம் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. தடுமாறுவது பெரியதுதான்.

எவ்வளவு பெரியது? இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். செல்ஃபுக்கு 150 ஆம்பியருக்கு மேல் வேண்டும். குளிர்ந்து கிடக்கும் இரும்பு எஞ்சினை, கெட்டியான எண்ணெயையும் சிலிண்டருக்குள் அழுந்தும் காற்றையும் மீறிச் சுழற்ற வேண்டுமே!

பேட்டரியின் ஈய முனையைப் பாருங்கள். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பைச் சுற்றி வெள்ளையாகவும் பச்சையாகவும் தூள் படிந்திருக்கிறதா? ‘டெர்மினல் பூத்திருக்கு’ என்பார்கள். அமில ஆவி உலோகத்தை அரித்து உண்டாக்கிய உப்பு அது. மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அந்த இடத்தில் 0.05 ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய எண்தான். ஓம் விதிப்படி, மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் அங்கே இழக்கும் வோல்ட் கிடைக்கும். ஹெட்லைட்டின் 10 ஆம்பியருக்கு இழப்பு 0.5 வோல்ட். விளக்கு சற்றே மங்கும். உங்கள் கண் கண்டுபிடிக்காது. செல்ஃபின் 150 ஆம்பியர் அதே வழியாகப் பாய முயன்றால்? 7.5 வோல்ட்! பன்னிரண்டில் பாதிக்கு மேல் அந்தத் தூளிலேயே வெப்பமாகப் போய்விடும். மிச்சம் இருக்கும் நாலரை வோல்ட்டை வைத்து மோட்டார் என்ன செய்யும்? முனகிவிட்டு நின்றுவிடும். கல்யாண மண்டபத்துக் குறுகிய கதவு வழியே நாலைந்து பேர் வரும்போது ஒரு சிரமமும் தெரியாது. பந்தி முடிந்து கூட்டம் மொத்தமாக வரும்போதுதான் கதவின் குறுகல் தெரியும், இல்லையா?

ஆக, ஹெட்லைட் எரிவதை வைத்துப் பேட்டரியை நல்லது என்றும் சொல்ல முடியாது; செல்ஃப் சுழலாததை வைத்துக் கெட்டது என்றும் சொல்ல முடியாது. அளந்து பார்க்க வேண்டும். பேட்டரிக்குள் ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். மல்டிமீட்டரின் ஒரு முள்ளை ஈய முனையின் தலையில் வைக்கட்டும்; இன்னொரு முள்ளை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வைக்கட்டும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகங்கள் என்பதால் மீட்டர் ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். இப்போது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் எகிறி இரண்டு மூன்று வோல்ட் காட்டினால் குற்றவாளி பிடிபட்டான். இத்தனை எளிமையாக உண்மையைக் காட்டும் சோதனை வேறு இருக்கிறதா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் வியப்பாக இருக்கும்.

கிளாம்பைக் கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்ற வேண்டும். ஏன் என்று யோசியுங்கள். காரின் உடம்பு முழுவதும் அந்த முனையோடுதான் இணைந்திருக்கிறது. மற்ற முனையை முதலில் கழற்றப் போய், ஸ்பானர் தவறி உடம்பில் பட்டால் பெரும் பொறி பறக்கும். எர்த் கழன்றுவிட்டால் ஸ்பானர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது. பூத்த தூளின் மேல் ஆப்பசோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால் அமிலத்தோடு சேர்ந்து நுரைத்துப் பொங்கும். அந்த நுரைக்குள் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. பேட்டரி மூடியின் துளைகளுக்குள் மட்டும் சோடா போய்விடக் கூடாது, உள்ளே இருக்கும் அமிலத்தையும் அது முறித்துவிடும். தேய்த்துத் துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவிவிட்டால் காற்றும் ஈரமும் அண்டாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கோளாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. எஞ்சின் அதிராமலிருக்க ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரோ மின்சாரம் கடத்தாது. அதனால் எஞ்சினையும் உடம்பையும் பின்னல் கம்பிப் பட்டை ஒன்று இணைக்கும். அது அறுந்துவிட்டால் செல்ஃபின் மின்சாரம் திரும்பிப்போக வேறு வழி தேடும். சோக் கம்பியோ ஆக்ஸிலேட்டர் கம்பியோ உலோகம்தானே! அந்த மெல்லிய கம்பி வழியே பாய்ந்து, அதைப் புகைய வைத்துவிடும். சாவியைத் திருப்பினால் சோக் கம்பி சுடுகிறது என்றால், பார்க்க வேண்டிய இடம் சோக் அல்ல, எர்த் பட்டை.

சரி, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள மெக்கானிக் இரண்டே கேள்வி கேட்பார்: “கரண்ட் வருதா? பெட்ரோல் வருதா?”

கரண்ட் என்று அவர் சொல்வது ஸ்பார்க் பிளக்கில் பாய வேண்டிய தீப்பொறியை. பேட்டரியின் 12 வோல்ட்டால் காற்றைத் தாண்டிக் குதிக்க முடியாது. அதற்குப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். அந்த மாயத்தைச் செய்வது காயில். அதற்குள் ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் இரண்டு சுருள்கள். தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. தடித்த சுருளில் மின்சாரம் ஓடி இரும்பைக் காந்தமாக்குகிறது. திடீரென்று அதை நிறுத்தினால் காந்தப்புலம் சரிந்து விழுகிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்துக் கம்பியில் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தாரே, அதுதான் இங்கே நடக்கிறது. எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு அதிக வோல்ட். மெல்லிய சுருளில் பதினைந்து, இருபது ஆயிரம் வோல்ட் வரை எழும்.

மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தும் வேலை ‘பாயிண்ட்’ என்ற இரு சிறு தொடுமுனைகளுடையது. அவை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கின்றன. திறக்கும்போது அவற்றுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் பொறிகள் 6000, அதாவது நொடிக்கு 100! பாயிண்ட் அத்தனை தடவையும் திறந்து மூட வேண்டும். காரை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் முனைகளில் ஆக்சைடு படிந்து, தொட்டாலும் தொடாதது போல ஆகிவிடும். மெல்லிய உப்புத்தாளால் இதமாகத் தேய்த்து, துடைத்து, இடைவெளியைச் சரிபார்த்தால் பல ‘செத்த’ கார்கள் உயிர்பெறும். பாயிண்டுக்கு அருகில் விரல் அளவில் ஓர் உருளை இருக்கும், கண்டென்சர். முனைகள் பிரியும்போது மின்சாரம் பொறியாகத் தாவித் தொடர்ந்து ஓடாமல் அது தன்னுள் வாங்கிக்கொள்ளும். அது பழுதானால் காந்தப்புலம் மெதுவாகச் சரியும், பொறி வலுவிழக்கும், பாயிண்டும் கருகும்.

சார்ல்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1910 வாக்கில் உருவாக்கிய ஏற்பாடு இது. 1912 கேடிலாக் காரில் மின்சார செல்ஃபைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அதற்கு முன் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம்.

பிளக்கைக் கழற்றி, எஞ்சினில் தொடவைத்து, மெக்கானிக் பொறியைக் காட்டுவார். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: வெளியே பொறி தெரிந்தால் உள்ளேயும் நிச்சயம் வரும் என்று அர்த்தமில்லை. சிலிண்டருக்குள் காற்று பல மடங்கு அழுந்தி இருக்கிறது. நெருக்கமான காற்றைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். மங்கிய மஞ்சள் பொறி வெளியே ஜெயித்து உள்ளே தோற்றுவிடலாம். நீலநிறத்தில் ‘சடக்’ என்று பாய்வதை நம்பலாம்.

பெட்ரோல் கதையில் மே மாத வெயிலில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். நன்றாக ஓடி வந்த கார். டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் கிளம்பாது. நிறுத்தியதும் காற்றாடி நின்றுபோகிறது, தண்ணீர் சுற்றுவதும் நின்றுபோகிறது. சூடான எஞ்சினின் வெப்பம் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் குழாய்க்கும் பரவுகிறது. பெட்ரோலில் பல திரவங்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் லேசானவை 40 டிகிரி செல்சியஸுக்கு முன்பின்னாகவே கொதிக்கத் தொடங்கும். குழாய்க்குள் ஆவிக் குமிழி அடைத்துக்கொள்ள, திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்த பம்ப் ஆவியை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும். பழைய ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவைப்பார்கள். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, பம்ப் குளிர்கிறது, ஆவி மறுபடி பெட்ரோலாகிறது. பானைத் தண்ணீர் குளிர்வதன் அறிவியலைப் பள்ளியில் படிக்காதவர்களும் கையாலேயே அறிந்துவைத்திருந்தார்கள்.

எதுவும் நடக்காவிட்டால் நம் ஊரில் கடைசி வழி ஒன்று உண்டே, தள்ளுவது! இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, நாலு பேர் தள்ள, வேகம் எடுத்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும். 150 ஆம்பியரின் வேலையைத் தோள்கள் செய்துவிடுகின்றன. பேட்டரி தர வேண்டியது காயிலுக்கான நாலு ஆம்பியர் மட்டும். சோர்ந்த பேட்டரியாலும் அதைத் தர முடியும்.

பேட்டரி அடியோடு தீர்ந்திருந்தால்? டைனமோ பொருத்திய பழைய அம்பாசடராக இருந்தால் அப்போதும் சிறு நம்பிக்கை உண்டு. டைனமோவின் இரும்பில் முன்பு ஓடியபோது ஏறிய காந்தம் கொஞ்சம் தங்கியிருக்கும். வேகமாகச் சுழன்றால் அந்தத் துளிக் காந்தத்திலிருந்து மின்சாரம் பிறந்து, அந்த மின்சாரமே காந்தத்தை வலுவாக்கும். பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டர் தன் காந்தத்தை எழுப்பவே பேட்டரியிடம் கை நீட்ட வேண்டும். அதனால் ஆல்டர்னேட்டர் உள்ள காரில் பேட்டரி முற்றிலும் தீர்ந்துவிட்டால், தெருவே திரண்டு வந்து தள்ளினாலும் அது அநேகமாகக் கிளம்பாது.