விலக்கு கேட்பவர் யார், விலை கொடுப்பவர் யார்? அமெரிக்கப் பள்ளித் தடுப்பூசிச் சட்டங்கள் சொல்லும் பாடம்

2025 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் தட்டம்மை பரவத் தொடங்கியது. தடுப்பூசி போட்டுக்கொள்வோர் குறைவாக இருந்த மென்னோனைட் கிறித்தவர்கள் செறிந்து வாழும் கெயின்ஸ் மாவட்டமே அதன் மையமாக இருந்தது. ஆகஸ்டில் பரவல் முடிந்துவிட்டதாக அரசு அறிவித்தபோது அம்மாநிலத்தில் 762 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்திருந்தனர். இருவருமே தடுப்பூசி போடப்படாதவர்கள். பத்தாண்டுகளாகத் தட்டம்மைக்கு ஓர் உயிரைக்கூட இழக்காதிருந்த நாட்டில் இது நடந்தது.

அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் பள்ளியில் சேரும் குழந்தை தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற சட்டம் உண்டு. அப்படியிருந்தும் இது நடந்தது, அச்சட்டங்களில் உள்ள விலக்குகளின் வழியாக. டெக்சாஸில் 2003 முதல், மத நம்பிக்கை உள்ளிட்ட மனசாட்சிக் காரணங்களைக் கூறிப் பெற்றோர் ஓர் உறுதிமொழிப் படிவம் அளித்தால் போதும். குழந்தைக்குத் தடுப்பூசி தேவையில்லை.

இது தொலைதூரத்து விவகாரம் என்று நாம் கடந்து போக வேண்டியதில்லை. பொதுச் சட்டத்திலிருந்து மதத்தின் பெயரால் விலக்குக் கேட்கும் உரிமைக்கு எல்லை எது என்பதே இதன் மையக் கேள்வி. அக்கேள்வியோடு நம்மைப் போல் நெடுங்காலம் போராடியவர்கள் குறைவு.

விலக்குகளின் மூன்று வகை

முதலாவது, மருத்துவ விலக்கு. ஐம்பது மாநிலங்களும் இதை ஏற்கின்றன. தட்டம்மைத் தடுப்பூசி, வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள நுண்கிருமியால் ஆனது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கோ, நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றிய குழந்தைக்கோ அதைப் போட முடியாது. முந்தைய தவணையில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டவர்களுக்கும் அப்படியே.

இரண்டாவது, மத விலக்கு. மூன்றாவது, மதம் சாராத தனிப்பட்ட கொள்கை அல்லது மனசாட்சியின் பெயரிலான விலக்கு. பெரும்பாலான மாநிலங்கள் மத விலக்கை ஏற்கின்றன. சுமார் 15 மாநிலங்கள் தனிப்பட்ட கொள்கை விலக்கையும் அளிக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், மெய்ன், கனெக்டிகட் ஆகிய மாநிலங்கள் இவ்விரண்டையும் நீக்கி, மருத்துவ விலக்கை மட்டுமே வைத்துள்ளன.

தட்டம்மை பரவாமல் தடுக்க ஒரு சமூகத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் பாதுகாப்புப் பெற்றிருக்க வேண்டும். 2024–25 கல்வியாண்டில் அமெரிக்க மழலையர் வகுப்புகளில் அது 92.5 விழுக்காடாகக் குறைந்தது; ஏதேனும் ஒரு தடுப்பூசிக்கேனும் விலக்குப் பெற்றோர் 3.6 விழுக்காடாக உயர்ந்தனர். 3.6 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் விலக்குப் பெறுவோர் நாடெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரே சபை, ஒரே ஊர், ஒரே பள்ளி என்று குவிந்திருக்கின்றனர். நோய் அக்குவியலைத் தேடிச் செல்கிறது.

ஒரு நீதிபதி, இரு தீர்ப்புகள்

இச்சட்டங்களின் அடித்தளம் 1905ஆம் ஆண்டின் ஜேக்கப்சன் எதிர் மாசசூசெட்ஸ் தீர்ப்பு. கேம்பிரிட்ஜ் நகரில் பெரியம்மை பரவியபோது தடுப்பூசியை மறுத்த ஹென்னிங் ஜேக்கப்சன் என்னும் மதபோதகருக்கு 5 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதை உறுதி செய்தது. ஒருவரின் சுதந்திரம் பிறருக்குத் தீங்கு விளைவிக்கும் வரை நீளாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1922இல் ஸுக்ட் எதிர் கிங் வழக்கில், பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசியை நிபந்தனையாக்குவதும் செல்லும் என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது.

ஜேக்கப்சன் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். கறுப்பின மக்களைத் தனி இரயில் பெட்டியில் ஒதுக்குவது செல்லும் என்று 1896இல் பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தனியொருவராக எதிர்த்து நின்றவரும் அவரே. அரசமைப்புச் சட்டத்தின் முன் இந்நாட்டில் சாதி இல்லை என்று அம்மறுப்புரையில் சாதி என்னும் சொல்லைக் கொண்டே அவர் எழுதினார். அதே உரையில் சீனர்களை இழிவுபடுத்தியும் எழுதினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். ஒருவரை ஒதுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதும், பிறரை ஆபத்துக்கு உள்ளாக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதும் அவருடைய சிந்தனையில் முரண்படவில்லை.

ஜேக்கப்சன் தீர்ப்புக்கு ஓர் இருண்ட வழித்தோன்றலும் உண்டு. 1927இல் பக் எதிர் பெல் வழக்கில், வெர்ஜீனியாவில் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த கேரி பக் என்னும் ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கட்டாயத் தடுப்பூசியை நிலைநிறுத்தும் கோட்பாடு இதற்கும் போதும் என்றார் நீதிபதி ஹோம்ஸ். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிகிச்சை இருந்தும் அதை அளிக்காமல், மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களை அரசு மருத்துவர்கள் ஆய்வுப் பொருளாக வைத்திருந்தனர். இங்கே, நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாயக் கருத்தடை யார் மீது அதிகம் விழுந்தது என்பது நமக்குத் தெரியும். பொது நலம் என்ற சொல்லை அரசு உச்சரிக்கும்போது ஒடுக்கப்பட்டோர் ஐயுறுவது அறியாமையால் அன்று, அனுபவத்தால்.

மனசாட்சி யாருக்குக் கிடைத்தது?

மனசாட்சியின் பெயரால் மறுப்பது என்ற சட்டக் கருத்து முதலில் பரவலாக அறியப்பட்டது போர் மறுப்பில் அன்று, தடுப்பூசி மறுப்பில்தான். இங்கிலாந்தில் 1853இல் பெரியம்மைத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் 1898இல் மனசாட்சி விலக்கு கொண்டுவரப்பட்டது. ஆனால் தன் மனசாட்சி உண்மையானது என்று பெற்றோர் இரு நீதிபதிகளை நம்பவைக்க வேண்டியிருந்தது. கனவான்களின் மனசாட்சி எளிதில் நம்பப்பட்டது. தொழிலாளியின் மனசாட்சி ஐயத்துக்கு உள்ளானது. 1907இல்தான் வெறும் உறுதிமொழி போதும் என்று மாற்றப்பட்டது.

அமெரிக்காவிலும் இச்சிக்கல் எழுந்தது. நியூயார்க் சட்டம் முதலில் அங்கீகரிக்கப்பட்ட மத அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு மட்டுமே விலக்கு அளித்தது. எந்த மதம் அங்கீகாரத்துக்கு உரியது என்று அரசு முடிவு செய்யலாகாது என்று 1987இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வரம்பை நீக்கியது. அது சரியான தீர்ப்பே. ஆனால் அதன்பின் விலக்கின் கதவு உண்மையான நம்பிக்கை என்று சொல்லும் எவருக்கும் திறந்தது. கலிஃபோர்னியாவில் தனிப்பட்ட கொள்கை விலக்கைப் பெற்றோர் வெள்ளையர் மிகுந்த, வசதி படைத்த பகுதிகளிலும் தனியார் பள்ளிகளிலும் அதிகம் இருந்ததை ஆய்வுகள் காட்டின. 2014 டிசம்பரில் டிஸ்னிலாந்தில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பின் 2015இல் அம்மாநிலம் அவ்விலக்கை நீக்கியது. உடனே மருத்துவ விலக்குகள் பெருகின. சில மருத்துவர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் வழங்கினர். 2019இல் மருத்துவ விலக்குகளை அரசு மறுஆய்வு செய்யும் சட்டம் தேவைப்பட்டது.

ஏழைக் குழந்தை தடுப்பூசி பெறாமல் போவதற்குக் காரணம் வேறு. 1989–91 காலத்தில் அமெரிக்காவில் 55,000க்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை கண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாநகரங்களின் ஏழைக் கறுப்பின, லத்தீனோ குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். அவர்கள் எந்த விலக்கும் கேட்டவர்கள் அல்லர். தடுப்பூசி அவர்களை எட்டவில்லை. இதன் விளைவாக 1993இல் சட்டமியற்றப்பட்டு, ஏழைக் குழந்தைகளுக்கும் பூர்வகுடிக் குழந்தைகளுக்கும் இலவசத் தடுப்பூசித் திட்டம் வந்தது. இனங்களுக்கு இடையிலான இடைவெளி பெருமளவு குறைந்தது. வீடற்ற குழந்தையிடம் தடுப்பூசிச் சான்று இல்லை என்று பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது, உடனே சேர்த்துக்கொண்டு தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மற்றொரு கூட்டாட்சிச் சட்டம் கூறுகிறது. மறுப்பவரையும் மறுக்கப்பட்டவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதே சமூக நீதியின் முதல் படி.

சமத்துவத்தின் பெயரால் இரு வாதங்கள்

மத விலக்குக்கு ஆதரவான இன்றைய வாதம் சமத்துவ மொழியில் பேசுகிறது. 2021இல் டாண்டன் எதிர் நியூசம் வழக்கில், மதம் சாராத ஒரு செயலுக்குச் சலுகை அளித்துவிட்டு அதற்கு ஒப்பான மதச் செயலுக்கு மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவ விலக்கு உண்டென்றால் மத விலக்கும் வேண்டும் என்பது அதிலிருந்து பிறந்த வாதம். இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் கனெக்டிகட் வழக்கில் இதை ஏற்கவில்லை. மருத்துவ விலக்கு உடல்நலம் காத்தல் என்னும் சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றுகிறது. மத விலக்கு அந்நோக்கத்தையே குலைக்கிறது. இரண்டும் ஒப்பானவை அல்ல.

மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் 1979இல் இதற்கும் ஒரு படி மேலே சென்றது. பிரவுன் எதிர் ஸ்டோன் வழக்கில், மத விலக்கே சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று கூறி அதை நீக்கியது. சிலரின் பெற்றோருக்குள்ள நம்பிக்கைக்காக மற்றக் குழந்தைகள் ஏன் ஆபத்தைச் சுமக்க வேண்டும் என்பதே அந்நீதிமன்றத்தின் கேள்வி. 2023இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்ற ஆணையால் அங்கே மத விலக்கு மீண்டும் வந்தது.

காற்று இப்போது மத விலக்கின் பக்கம் வீசுகிறது. பள்ளிப் பாடத்திலிருந்து மதக் காரணத்துக்காகத் தம் குழந்தைகளை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று 2025 ஜூனில் மஹ்மூத் எதிர் டெய்லர் தீர்ப்பு கூறியது. 2019இல் மத விலக்கை நீக்கிய நியூயார்க் சட்டத்தை எதிர்க்கும் ஆமிஷ் மக்களின் வழக்கை, அத்தீர்ப்பின் வெளிச்சத்தில் மீண்டும் ஆராயுமாறு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. செப்டம்பரில் ஃபுளோரிடாவின் தலைமை மருத்துவ அதிகாரி, எல்லாத் தடுப்பூசிக் கட்டாயங்களையும் நீக்கப்போவதாக அறிவித்து, அவற்றை அடிமைமுறையோடு ஒப்பிட்டார். அடிமைமுறை என்ற சொல்லுக்கு வரலாற்றில் ஒரு பொருள் உண்டு. மற்றவர் குழந்தையைப் பாதுகாக்கும் கடமையை அச்சொல்லால் குறிப்பது அவ்வரலாற்றைச் சிறுமைப்படுத்துவதாகும்.

நமக்கு இதில் என்ன?

மத விலக்குக் கோரிக்கையின் வரலாற்றை நாம் முழுமையாகப் படிக்க வேண்டும். 1968இல் பிக்கி பார்க் உணவக வழக்கில், கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறுவது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று உரிமையாளர் வாதிட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைப் பொருட்படுத்தவே மறுத்தது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோதும், கலிஃபோர்னியாவில் அதற்கான மசோதா வந்தபோதும், இந்துக்களின் மதச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்ற குரல் எழுந்தது. கலிஃபோர்னியா மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். தடுப்பூசிக்கும் தீண்டாமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் என் நம்பிக்கையின் சுமையை மற்றவர் தாங்கட்டும் என்ற தர்க்கம் இரண்டிலும் ஒன்றே.

நம் அரசமைப்புச் சட்டம் இதை முன்னுணர்ந்து எழுதப்பட்டது. மதச் சுதந்திரம் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்று 25ஆம் பிரிவு தொடங்கும்போதே சொல்கிறது. அமெரிக்க முதல் திருத்தத்தில் இச்சொற்கள் இல்லை. பிறப்பு முதல் இறப்பு வரை வாழ்வின் எல்லாவற்றையும் மதம் தன் ஆளுகைக்குள் வைத்திருக்கிறது, அவ்வளவுக்கும் பாதுகாப்பு அளித்தால் சமூகச் சீர்திருத்தச் சட்டமே இயற்ற முடியாது என்று அண்ணல் அம்பேத்கர் 1948 டிசம்பர் 2 அன்று அரசமைப்பு அவையில் எச்சரித்தார்.

அதேவேளை, இந்தியாவில் பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. 2019 ஜனவரியில், பெற்றோரின் ஒப்புதல் பெறாமல் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் திட்டத்தை தில்லி உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில், எவரையும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசிக்கு உட்படுத்த முடியாது, உடல்மீதான உரிமை 21ஆம் பிரிவின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் சேர்த்துக் கூறியது. இந்தச் சமநிலையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எனவே நம் நிலைப்பாடு மூன்று கூறுகளைக் கொண்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். முதலாவது, மருத்துவ விலக்கு சலுகை அன்று, உரிமை. அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவ அறிவு. விலை கொடுத்து வாங்கக்கூடியதாக அது இருக்கலாகாது. இரண்டாவது, தொற்றுநோய் விஷயத்தில் மத விலக்கு, விலக்குக் கேட்பவரோடு நிற்பதில்லை. முதல் தவணைக்கான வயதை எட்டாத கைக்குழந்தையும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் வகுப்புத் தோழியும் அந்த முடிவுக்கு ஒப்புதல் தந்தவர்கள் அல்லர். மூன்றாவது, தடுப்பூசியைச் சேரிக்கும் மலைக்கிராமத்துக்கும் கொண்டு சேர்க்காத அரசுக்கு அதைக் கட்டாயமாக்கும் தகுதி இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் முழுத் தடுப்பூசி பெற்றோர் 76.4 விழுக்காடு மட்டுமே. மீதமுள்ள குழந்தைகளின் பெற்றோர் அனைவரும் மறுத்தவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

இங்கே ஒருநாள் அப்படி ஒரு சட்டம் வருமானால், அதன் முதல் வரைவிலேயே நாம் தேட வேண்டிய விதி ஒன்று உண்டு: சான்றிதழ் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையும் பள்ளி வாசலில் நிறுத்தப்படக் கூடாது. கல்வியை வைத்தே மேலெழுந்த மக்கள் நாம். பள்ளிக் கதவை மூடும் அதிகாரம் யார் கையில் இருந்தாலும், எந்த நல்ல நோக்கத்துக்காக இருந்தாலும், அதன்மீது கண் வைத்திருப்பது நம் கடமை.