இரக்கமும் கணக்கும்

இலண்டனில் 1824-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர் ஆங்கிலிக்கன் குரு ஆர்தர் புரூம். தம் பங்குப் பணியையும் துறந்து அதற்காக உழைத்தார். ஆயினும் வரவை விஞ்சியது செலவு. சங்கத்தின் கடனுக்காக 1826-இல் அவர் சிறைப்பட்டார். நண்பர்கள் பொருள் திரட்டி அவரை மீட்டனர்.

நல்லெண்ணம் உடையோர் இவ்வாறு நலிவுறாதிருக்க வழி என்ன? இன்று 'சாரிட்டி ஆந்த்ரபிரனர்ஷிப்' என்னும் இலண்டன் திட்டம், புதிய தொண்டுக் குழுக்களுக்குப் பயிற்சியும் திட்ட ஆலோசனையும் தொடக்க நிதியும் அளிக்கிறது. இதன் துணையால் 2019-இல் பிறந்த மீன்நல அமைப்பொன்று, ஆந்திர மீன்பண்ணையாளரோடு சேர்ந்து குளத்து நீரின் தரத்தைப் பேண உழைத்துள்ளது.

வாயில்லா உயிர்களுக்காக நம்மிடையே இளைஞர் குழுவொன்று எழுந்தால், பாராட்டுரையோடு நாம் நின்றுவிடலாகாது. முதலாண்டுச் செலவுக்குக் கைகொடுப்போம். வரவு செலவு எழுதவும் கற்பிப்போம். இரக்கம் நிலைக்க இவ்விரண்டும் வேண்டும்.