தோளில் கை போட யாரைக் கேட்க வேண்டும்?

மாலையில் பள்ளி விட்டதும் இண்டூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் அன்றாடம் பார்க்கும் காட்சிதான் இது. இரண்டு பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி வருவார்கள். பென்னாகரம் பேருந்துக்குக் காத்திருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் விரல் கோத்து நிற்பார்கள். ஒருத்தி தன் தலைப்பூவில் பாதியைக் கிள்ளி மற்றவளுக்கு வைத்துவிடுவாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் பிரியமாக இருப்பது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. ஒரு பையனும் பெண்ணும் அதே இடத்தில் பேசிக்கொண்டு நின்றால்தான் சேதி அவர்களுக்கு முன்பே வீடு போய்ச் சேரும்.

ஆனால் இந்தப் பிரியத்துக்கும் ஊர் இரண்டு கோடுகளைப் போட்டு வைத்திருக்கிறது. முதல் கோடு சாதி. ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் சாலையில் தோளில் கை போட்டு நடக்கலாம். ஊர்த்தெரு முனை வந்ததும் அந்தக் கை தானாக இறங்கிவிடும். அவன் காலனியில் தண்ணீர் குடித்தது தெரிந்தால் அவன் வீட்டில் கேள்வி வரும். இவன் அங்கே போனால் திண்ணையோடு சரி. இரண்டாவது கோடு, அந்தப் பிரியம் வாழ்க்கையாக மாறும் இடத்தில் இருக்கிறது. ‘எனக்குக் கல்யாணம் வேண்டாம், இவளோடுதான் இருப்பேன்’ என்று ஒரு பெண் சொல்லிவிட்டால், அதுவரை ‘அக்கா தங்கை மாதிரி இருக்கிறார்கள்’ என்று மெச்சிய வாயே வேறு பேச்சுப் பேசும்.

இந்த இரண்டு கோடுகளையும் போட்ட கை ஒன்றுதான். இந்த வாரம் நாம் பேச வந்தது அதைத்தான்.

கல்யாணம் என்னும் காவல்

1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகள் குறித்து ஒரு கட்டுரை வாசித்தார் அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 25. சாதியின் சாரம் அகமணமுறைதான், சொந்தச் சாதிக்குள்ளேயே மணமுடிக்கும் வழக்கம்தான் என்பது அந்தக் கட்டுரையின் மையம். சாதிக்குள் ஜோடியில்லாமல் மிஞ்சும் பெண்ணையும் ஆணையும் என்ன செய்வது என்ற கணக்கிலிருந்தே உடன்கட்டையும், கட்டாய விதவைக் கோலமும், குழந்தை மணமும் வந்தன என்று அவர் விளக்கினார்.

யார் யாரோடு வாழலாம் என்பதை ஊர் முடிவு செய்யும் வரைதான் சாதிக்கு உயிர். வேறு சாதியில் மணம் முடிப்பவர்கள் அந்தக் கணக்கைக் கலைக்கிறார்கள். ‘என் துணை ஒரு பெண்’ என்று சொல்லும் பெண்ணோ அந்தக் கணக்குக்குள்ளேயே வர மறுக்கிறாள். இருவர் மீதும் ஒரே ஆத்திரம் பாய்வதற்குக் காரணம் இதுதான்.

அந்த ஆத்திரம் எப்படி இருக்கும் என்று தருமபுரி மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. தலித் இளைஞர் இளவரசனும் வன்னியர் பெண்ணும் மணம் முடித்ததுதான் குற்றமாகச் சொல்லப்பட்டது. 2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் ரயில் பாதையோரம் இளவரசன் பிணமாகக் கிடந்தார். பீரோவும், பள்ளிச் சான்றிதழும், பெங்களூருவில் கட்டட வேலை செய்து சேர்த்த பணமும் சாம்பலான வீடுகள் அவை. இருவர் சேர்ந்து வாழ எடுத்த முடிவுக்கு மூன்று காலனிகள் விலை கொடுத்தன.

வீட்டுக்குள் நடப்பது

தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளுக்கு வரும் வன்முறை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. தீ எரியாது, புகை வராது. அதனால் வெளியே தெரிவதில்லை. கைப்பேசியைப் பிடுங்குவது, படிப்பை நிறுத்துவது, ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று கோயில் கோயிலாக இழுத்துப்போய் மந்திரிப்பது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது என்று அது போகும். சில வழக்குகள் நீதிமன்றத்துக்கு வந்ததால்தான் இது பேச்சுக்கே வந்திருக்கிறது.

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டுக்குத் தெரியாமல் சென்னைக்கு வந்து, காவல் துறையின் தொந்தரவிலிருந்து பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். உளவியல் ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, காணவில்லை என்ற புகாரில் தேடப்படுபவர்கள் விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்று, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்றது. ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்று சொல்லும் சிகிச்சைகளுக்கும் தடை போட்டது.

அதன் தொடர்ச்சியாக, 2022-ல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தியது. பால்புதுமையரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்பது இப்போது விதி. அப்படிப்பட்ட ‘மாற்றும்’ சிகிச்சை செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று அதே ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது.

2025 மே 22 அன்று வந்தது இன்னொரு தீர்ப்பு. 25 வயதுப் பெண் ஒருவரை அவர் குடும்பம் அடைத்து வைத்திருப்பதாக அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். தன்னை அடித்ததையும், ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்ததையும் அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அவரை விரும்பிய இடத்துக்குப் போக அனுமதித்தது. உதவி கேட்டவரைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிய காவல் துறையைக் கண்டித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் சொன்னது.

சட்டம் எல்லாவற்றையும் கொடுத்துவிடவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தவர்களின் தன்பால் உறவு குற்றமல்ல என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபர் 17 அன்று, அவர்களுக்குத் திருமண உரிமை வழங்க மறுத்தது. சேர்ந்து வாழலாம், சட்டப்படி மணமக்களாக முடியாது என்பதே இன்றைய நிலை.

அம்பேத்கர் வாதாடிய வழக்கு

‘சோற்றுக்கும் நிலத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடும் நமக்கு இது எதற்கு?’ என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நாம் ஒதுக்கவில்லை. அதற்குப் பதில் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1934-ல், பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டே ஆண்டுகளில், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர் ஒரு வழக்கு எடுத்தார். ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி இதழை நடத்திய ஆர்.டி.கார்வே, பாலுறவு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியதற்காக ஆபாசக் குற்றம் சுமத்தப்பட்டிருந்தார். தன்பால் உறவு பற்றிய கேள்வியும் அதில் உண்டு. அறிவைத் தேடிக் கேட்பவருக்குப் பதில் சொல்வது ஆபாசமாகாது என்று கார்வேக்காக வாதாடினார் அம்பேத்கர். வழக்கு தோற்றது, கார்வேக்கு அபராதம் விழுந்தது. தோற்ற வழக்கு என்றாலும், அவர் யார் பக்கம் நின்றார் என்பதை நாம் மறக்கக் கூடாது. 2018 தீர்ப்பு தாங்கி நிற்கும் ‘அரசியலமைப்பு அறம்’ என்ற கருத்தும், அரசியல் நிர்ணய சபையில் 1948-ல் அவர் வலியுறுத்தியதுதான்.

இது நம்முடைய பிரச்சினை என்று தம் வாழ்க்கையால் சொன்னவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவும், தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்த கிரேஸ் பானுவும் தலித் திருநங்கைகள். சாதியும் பாலினமும் ஒரே உடம்பில் இரண்டு அடியாக விழுகின்றன என்பதைத் தமிழில் உரக்கச் சொன்னவர்கள்.

வேலியை எந்தப் பக்கம் நட்டிருக்கிறோம்?

சங்கடமான ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். காலனிப் பெண்ணும் ஊர்த்தெருப் பெண்ணும் சேர்ந்து வாழப் புறப்பட்டால், ஊர்த்தெருவிலிருந்து வரும் அடியும் மிரட்டலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரக்கூடும். அதே பெண்ணைக் காலனிக்குள் அவள் அப்பாவும் அண்ணனும் பூட்டி வைத்தால் அந்தச் சட்டம் உதவாது. அங்கே அவளுக்கு நாம்தான் துணை. ‘நம் சாதி மானம்’ என்று ஊர்த்தெரு பேசினால் நமக்குக் கோபம் வருகிறது. ‘நம் குடும்ப மானம்’ என்று நாம் பேசும்போதும் அதே வேலியைத்தான் நம் வாசலில் நடுகிறோம்.

உதவி தேவைப்படுகிறவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம். அடைத்து வைக்கப்பட்ட பெண்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். 18 வயதாகாத பிள்ளைக்குக் கட்டாயத் திருமணம் என்றால் 1098. பெண்களும் பட்டியல் சாதியினரும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியில்லாமல் இலவச சட்ட உதவி பெறலாம். அதற்கான எண் 15100. மனம் உடைந்து உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் 104-ஐ அழைத்துப் பேசுங்கள்.

இந்த எண்களுக்கெல்லாம் முன்பு ஒரு பிள்ளை தேடிவருவது நம் வீட்டுக் கதவைத்தான். அத்தையிடமோ, சித்தப்பாவிடமோ, படிப்பகம் நடத்தும் அண்ணனிடமோ தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கும். அப்போது நாம் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ‘சரி, உட்கார். சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் போதும். மற்றதை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.