பகலில் சந்து, இரவில் சதுக்கம்: மராகேஷின் வெப்பக் கணக்கு

மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஜூலை மாதப் பிற்பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரி செல்சியஸ்; சில நாட்களில் 45-ஐயும் தாண்டும். அந்த வேளையில் பழைய நகரின் நடுவே உள்ள ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தில் பழச்சாறு விற்பவர்களும் சில சுற்றுலாப் பயணிகளும்தான் தென்படுவார்கள். பொழுது சாய்ந்ததும் அதே இடத்தில் தோள் உரசாமல் நடக்க முடியாது. இந்த மாற்றத்துக்குக் காரணம் பழக்கம் மட்டுமல்ல. நகரம் கட்டப்பட்ட விதமே மக்களைப் பகலில் உள்ளேயும் இரவில் வெளியேயும் அனுப்புகிறது.

அல்மொராவித் அரசமரபினர் 1070-ஆம் ஆண்டு வாக்கில் இந்த நகரை நிறுவினார்கள். சுவர்களுக்குக் காலடி மண்ணே போதுமாக இருந்தது. மண்ணோடு சுண்ணாம்பைக் கலந்து, பலகை அடைப்புக்குள் கொட்டி, இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுதான் ஊர் முழுவதற்கும் செந்நிறத்தைத் தந்தது. தடித்த மண்சுவரில் வெப்பம் மெதுவாகவே ஊர்ந்து செல்லும். நண்பகல் வெயிலின் சூடு உட்புறத்தை எட்டப் பல மணி நேரமாகும். அதற்குள் இரவு வந்துவிடும்.

'மதினா' எனப்படும் இந்தப் பழைய நகரின் சந்துகள் பல, இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகியவை. இருபுறமும் உயர்ந்த சுவர்கள். உச்சிவேளையைத் தவிர மற்ற நேரங்களில் வெயில் தரையைத் தொடுவது அரிது. வீடுகள் தெருவுக்கு முதுகு காட்டி, நடுமுற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். 'ரியாத்' எனப்படும் அந்த வீடுகளின் முற்றத்தில் ஆரஞ்சு மரமும் நீரூற்றும் இருக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகி, அந்த வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

மழை குறைந்த அந்தச் சமவெளிக்கு நீரைக் கொண்டு வந்தவை 'கெத்தாரா' என்னும் நிலத்தடிக் கால்வாய்கள். அட்லஸ் மலைப் பக்கத்து நிலத்தடி நீரை, மிக மெல்லிய சரிவில் வெட்டிய சுரங்கங்கள் புவியீர்ப்பின் துணையால் மட்டுமே நகருக்கு நடத்தி வந்தன. வெயில் படாததால் ஆவியாகி வீணாவதும் குறைந்தது.

நெருப்பையும் இந்த ஊர் மக்கள் வீணாக்கவில்லை. 'ஹம்மாம்' என்னும் பொதுக் குளியலறையின் அடுப்புச் சாம்பலில், இறைச்சி நிரப்பிய மண்ஜாடிகளைப் புதைத்து வைப்பார்கள். பல மணி நேரம் மெல்லிய சூட்டில் வெந்து 'தன்ஜியா' தயாராகும். ஊருக்கு வெந்நீர் தரும் தீயே உணவையும் சமைத்துத் தருகிறது.

இனி இரவுக்கு வருவோம். பகலில் நிழல் தந்த குறுகிய சந்துக்கு இரவில் ஒரு குறை உண்டு. சூடேறிய சுவர்கள் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடும். ஆனால் சந்திலிருந்து வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். எனவே சூடு ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய் அங்கேயே சுற்றும். திறந்த சதுக்கத்துக்கு மேலேயோ முழு வானமும் இருக்கிறது. ஈரப்பதமும் மேகமும் குறைந்த வானத்தை நோக்கித் தரை வெப்பத்தை விரைவாக இழக்கிறது. விடியற்காலைக்குள் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மாலையானதும் மக்கள் மொட்டைமாடிகளுக்கும் ஜெமா எல்-ஃப்னாவுக்கும் வருவதன் இயற்பியல் இதுதான்.

அங்கே நத்தை ரசம், ஹரிரா சூப், கரிச்சூட்டில் வாட்டிய இறைச்சி என்று கடைகள் புகை கிளப்பும். 'க்னாவா' எனப்படும் மரபிசைக் கலைஞர்கள் இரும்புத் தாளங்களைத் தட்டுவார்கள். கதைசொல்லியைச் சுற்றி மக்கள் வட்டமாகக் கூடுவார்கள். அந்த வட்டத்துக்கு 'ஹல்கா' என்று பெயர். திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒலிபெருக்கி இல்லாத ஒரு குரலுக்கு மிக அருகில் மிக அதிகமானோரை நிறுத்த வட்டத்தைவிடச் சிறந்த வடிவம் இல்லை.

மதினா 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சதுக்கத்தின் வாய்மொழிக் கலைகளுக்கு 2001-இல் தனிச் சிறப்பு அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை இறக்கிவிட்டதால் கெத்தாராக்களில் பெரும்பாலானவை வறண்டுவிட்டன. மராகேஷ் சென்றால் பிற்பகலை மதினாவின் சந்துகளுக்கும் இரவைச் சதுக்கத்துக்கும் கொடுங்கள். சூடேறிவரும் உலகில் வீடும் தெருவும் திட்டமிடுவோர் அந்த ஒரு நாளில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.