பழைய மோட்டார் வண்டியைப் பிரிக்கும் தொழில்: இடமும் லைசென்ஸும்

தாராவியிலும் செம்பூரிலும் மெக்கானிக் வேலையில் கைதேர்ந்த நம்மவர் பலர் அண்மைக் காலமாகச் சங்கத்திற்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பழைய கார்களை விலைக்கு வாங்கிப் பிரித்து, உதிரி உறுப்புகளையும் இரும்பையும் விற்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க வேண்டுமானால் இடம் எங்கே பிடிப்பது, என்னென்ன லைசென்ஸ் எடுப்பது என்பதே அது. கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று. மனைவியின் நகையை அடகு வைத்தும், ஊரிலுள்ள துண்டு நிலத்தை விற்றும் முன்பணம் கொடுக்கத் துணிபவர்கள் இருப்பதால், இது குறித்து நாம் அறிந்தவற்றை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, மும்பைக்குக் குர்லா அப்படி. சி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் எஞ்சின்களும் கதவுகளும் விளக்குகளும் மலைபோல் குவிந்து கிடப்பதைக் காணாத மும்பைவாசி இருக்க முடியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1944-இல் நிறுவப்பெற்ற பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை குர்லாவில்தான் இருந்தது. அங்கே உருவான பத்மினிக் கார்கள் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாகப் பல்லாண்டுகள் இந்நகரைச் சுமந்தன. டாக்சிக்கு 20 ஆண்டு என்னும் வயது வரம்பால், 2023 அக்டோபர் மாதக் கடைசியோடு பத்மினி டாக்சியின் காலம் முடிந்தது. பிறந்த பேட்டைக்கே திரும்பி வந்து உடைபட்ட வண்டிகள் அவற்றுள் எத்தனையோ!

அந்தக் காலத்தில் இத்தொழிலுக்கு வேண்டியிருந்தது சிறிதே: ஒரு கடைமுகப்பு, கை தேர்ந்த இரண்டு பையன்கள், 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தில் 394-ஆம் பிரிவின்படி ஒரு லைசென்ஸ். அதுவும் இல்லாமல் நடந்த கடைகளும் உண்டு என்பது யாவரும் அறிந்ததே. அந்தக் காலம் மலையேறிவிட்டது.

2021 செப்டம்பரில் மத்திய அரசு வாகனங்களைப் பிரித்தழிக்கும் கூடங்களுக்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் பதிவு பெற்ற கூடம் ஒன்றே வண்டியை முறைப்படி அழித்து அதற்குச் சான்றிதழ் வழங்க இயலும். பதிவுக் கட்டணம் 1 லட்சம் ரூபாய்; அதற்கு மேல் 10 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். தனி மனிதர், கூட்டு வாணிபம், கம்பெனி, சங்கம், அறக்கட்டளை ஆகிய எவரும் மனுச் செய்யலாம். ஆகவே, பெரிய முதலாளிகளுக்கு மட்டுமே கதவு திறந்திருக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஆனால் கதவின் நிலைப்படி உயரமானது என்பதை மறைப்பதிலும் பயனில்லை.

பணத்தைக் காட்டிலும் கடினமானது இடம். வண்டி வந்து நிற்க ஓரிடம், அதன் எண்ணெய்களை வடிக்க ஓரிடம், பிரிக்க ஓரிடம், பிரித்தவற்றை வகைப்படுத்தி வைக்க ஓரிடம் என்று தனித்தனியே வேண்டும். எண்ணெய் மண்ணில் இறங்காதபடி தளம் கான்கிரீட்டால் ஆகியிருத்தல் வேண்டும். மழைநீரோடு கலந்து சாக்கடையில் சேராதபடி தடுப்பும் வேண்டும். தாராவியில் ஏணி வைத்து ஏறும் மாடியறைகளிலும், இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத சந்துகளிலும் இது நடவாது. மாதுங்காவில் இதற்கு இடம் தேடுவது வீண். அது குடியிருப்புப் பகுதி. செம்பூரில் தொழிற்பகுதிகள் உண்டெனினும் அங்குள்ள நிலத்தின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். எனவே கணக்குப் பார்ப்பவர்கள் தளோஜா, பிவண்டி, வசை ஆகிய பக்கங்களில் தேடுவதே அறிவுடைமை என்பது நமது கருத்து.

இடத்தைப் பார்த்தவுடன் முன்பணத்தை நீட்டிவிடாதீர்கள். மும்பை எல்லைக்குள் எனில், 2034-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு வகுக்கப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த வளர்ச்சித் திட்டத்தில், அந்த மனை குடியிருப்பு மண்டலமா தொழில் மண்டலமா, சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கப்பட்டதா என்று மாநகராட்சியிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். தரகர்கள் இதை ‘டி.பி. ரிமார்க்’ என்பர். அக்காகிதம் கைக்கு வருமுன் எந்தத் தரகரின் வாய்ச்சொல்லும் செல்லாக்காசே. மீட்டி ஆற்றின் கரையோரத்தில் மலிவாக இடம் கிடைக்கிறது என்று யாரேனும் ஆசை காட்டினால், 2005 ஜூலை 26-ஆம் நாளை நினைவிற் கொள்க. அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மீட்டி பொங்கி நகரே மூழ்கியது. அதன்பின் ஆற்றை அகலப்படுத்தக் கரையோரக் கட்டடங்கள் பலவற்றை இடித்தார்கள்.

இனி வாடகைச் சீட்டு. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, தனது 55-ஆம் பிரிவில், இடத்தை விடும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும் என்கிறது. முத்திரைத் தாளில் கையெழுத்திட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்வது போதாது. 10 ஆண்டுப் பதிவை நாடுகிறவர் 11 மாத லீவ் லைசென்ஸ் ஒப்பந்தத்தை நம்பிக் கான்கிரீட் தளம் போடுவது, பிறர் வயலில் கிணறு வெட்டுவது போலாகும். நீண்டகாலக் குத்தகையாக எழுதுவதும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு வாசகத்தைச் சேர்ப்பதும் நலம். நில உரிமையாளர் இவ்வாசகத்திற்கு முகம் சுளித்தால், அந்த முகச்சுளிப்பே நமக்கு வேண்டிய விடையைத் தந்துவிடும்.

மேற்சொன்ன இசைவு இரு தவணையில் வருவது. கூடத்தை அமைப்பதற்கு முன் ஒன்று. நடத்துவதற்கு முன் மற்றொன்று. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் இதற்கு அடிப்படை. கழிவு எண்ணெய்க்கு அபாயக் கழிவு விதிகளின்படி தனி அனுமதியும் தேவை. பாட்டரிக்கு 2022-இல் தனி விதிகள் வந்துள்ளன. இவற்றோடு தீயணைப்புத் துறையின் சான்று, ஜி.எஸ்.டி. பதிவு, தொழிலாளர் சட்டங்களின் கீழ்ப் பதிவுகள் என வரிசை நீளும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்வோர் உண்டு. ஒரு கார் வெறும் இரும்பன்று. சி.என்.ஜி. வண்டியின் உருளையில் வாயு மிஞ்சியிருக்கும்போது வெட்டுத்தீ பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றுப்பையைத் தவறாகக் கழற்றினால் அது முகத்தில் வெடிக்கும். 2010-இல் தில்லி மாயாபுரிச் சந்தையில், பல்கலைக்கழகம் ஒன்று கழித்துவிட்ட கதிரியக்கக் கருவி பழைய இரும்போடு இரும்பாக வந்து சேர்ந்தது. அதனுள் இருந்தது கோபால்ட்-60 என்று அறியாமல் உடைத்தார்கள். ஓர் ஏழைத் தொழிலாளி உயிரிழந்தார், வேறு சிலர் நோயுற்றனர். அங்கே இறந்தவரும் தினக்கூலிக்கு உழைத்தவரே.

மற்றோர் ஆபத்து, திருட்டு வண்டி. பதிவு பெற்ற கூடத்தினர் வண்டியை ஏற்குமுன் அரசின் வாகனப் பதிவேட்டையும், தேசியக் குற்றப் பதிவகத்தின் திருட்டு வண்டிப் பட்டியலையும் ஒத்துப்பார்க்க வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த துண்டை வெட்டியெடுத்துப் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். பதிவில்லாத சிறு கடைக்காரருக்கு இந்தச் சோதனை வசதி இல்லை. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய எஞ்சின் களவுப்பொருளாக இருந்துவிட்டால், பாரதிய நியாய சம்ஹிதையின் 317-ஆம் பிரிவு பேசத் தொடங்கும். பில் இல்லாத பொருளைத் தொடாதீர்கள் என்பதை நம் இளைஞர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

10 லட்சம் உத்தரவாதமும் பரந்த நிலமும் இல்லாதவர் என் செய்வது? இரண்டு வழிகள் நமக்குப் புலப்படுகின்றன. ஒன்று, பிரிக்கும் வேலையைப் பதிவு பெற்ற கூடத்திற்கு விட்டுவிட்டு, அங்கிருந்து பில்லோடு வாங்கிய உறுப்புகளைப் பழுது பார்த்து விற்பது. இதற்குச் சிறிய கடை போதும். நம்மவரின் கைத்திறனுக்கு மதிப்பும் இதில்தான் உண்டு. மற்றொன்று, நாலைந்து பேர் சேர்ந்து கூட்டு வாணிபமாகப் பதிவு செய்வது. பங்காளிகளுக்குள் பூசல் வருமே என்பார்கள். வரத்தான் செய்யும், அதற்காகவே பங்கையும் பொறுப்பையும் முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும்.

தாராவியில் இப்போதே கடை வைத்திருப்போர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலம் 2022-இல் முடிந்து, வீடுவீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. மின்கட்டண ரசீது, மாநகராட்சி லைசென்ஸ், பழைய வாடகைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இரண்டிடங்களில் வைத்திருங்கள். மழைக்காலத்தில் ஒன்று நனைந்தாலும் மற்றொன்று மிஞ்சும்.

தொழில் தொடங்காத குடும்பத்தினர்க்கும் ஒரு செய்தி உண்டு. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, ஆயுள் முடிந்த வண்டியை 180 நாட்களுக்குள் பதிவு பெற்ற கூடத்திலோ, அதற்கெனக் குறிக்கப்பட்ட சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். கூடத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் பதிவுக் கட்டணம் இல்லை, சொந்த உபயோக வண்டிக்கு மாநில வரியில் 25 சதவிகிதம் வரை சலுகையும் பெறலாம். தெருக்கோடியில் வந்து ரொக்கம் கொடுத்து இழுத்துச் செல்பவரிடம் வண்டியைத் தந்துவிட்டால் பதிவேட்டில் உங்கள் பெயரே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வண்டி அழிந்த 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதே வைத்திருக்கிறது.