ரக்பி நடுவரும் அவரை எடை போடுபவரும்

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ரக்பி ஆடிப் பெறுகின்ற கோப்பைக்குக் 'கல்கத்தா கோப்பை' என்று பெயர். இதே ஊரில் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் நம்மவர் பலருக்கே இந்தச் செய்தி தெரியாது. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இங்கே நடந்த ஓர் ஆட்டத்தையொட்டி 1873-இல் ஒரு சங்கம் தோன்றியது. ஐந்தே ஆண்டில் ஆள் குறைந்து கலைந்தும் போயிற்று. கையிருப்பிலிருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடியாகவும் யானை மூடிமேலும் அமைய ஒரு கோப்பை செய்து இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குக் கொடுத்து விட்டார்கள். 1879 முதல் அதற்காகப் போட்டி நடக்கிறது. நான் பாத்திர வியாபாரி. ஆகையால் அந்த வேலைப்பாட்டின்மேல்தான் முதலில் ஆசை. அதைத் தேடிப் படிக்கப் போய், ஆட்டத்தின் சட்டப் புத்தகம்வரை வந்துவிட்டேன்.

பின்னர் மகன் இங்கிலாந்தில் வேலையாயிருந்த காலத்தில், சனிக்கிழமை பிற்பகல்களில் கிளப் மைதானங்களின் ஓரத்தில் நின்று பல ஆட்டங்கள் பார்த்தேன். பந்தைவிட, அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒற்றை மனிதர்தான் என் கவனத்தைக் கவர்ந்தார். அவர் சம்பளக்காரர் அல்லர். வாரநாளில் ஆசிரியராகவோ குமாஸ்தாவாகவோ இருப்பவர். போக்குவரத்துச் செலவு கிடைத்தால் உண்டு.

தொடக்க காலத்தில் இவ்வாட்டத்துக்கு நடுவரே கிடையாது. இரு அணித் தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அது எத்தனை நாள் ஓடும்? 1884-இல் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பந்தைக் கையால் பின்னோக்கித் தட்டினார். அதை எடுத்து இங்கிலாந்து கோல் கோட்டைக் கடந்து வென்றது. "தட்டியது தவறு, அப்போதே ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும்" என்றது ஸ்காட்லாந்து. "தவறு செய்தவனே அதனால் லாபம் அடைவதா?" என்றது இங்கிலாந்து. 1885-இல் இரு நாடுகளும் ஆடவே இல்லை. 1886-இல் சர்வதேச ரக்பி வாரியம் பிறந்ததற்கும் இந்தச் சண்டையே காரணம். இன்று நடுவர், தவறைக் கண்டும் விசிலை ஊதாமல் கையை மட்டும் நீட்டி, பாதிக்கப்பட்ட அணிக்கு லாபம் வருகிறதா என்று சில விநாடிகள் பார்க்கிறார் அல்லவா? 'அட்வான்டேஜ்' எனும் அந்த விதிக்குள் அந்தப் பழைய வழக்கின் தீர்ப்பு இருக்கிறது என்பது என் கருத்து.

இனி அவருடைய ஆட்ட நாள். நடுவர் சங்கம் எந்த ஆட்டத்துக்கு எவர் என்று முன்னதாகவே ஒதுக்கிவிடும். அவர் வாரநடுவில் உள்ளூர் கிளப்புக்குப் பேசி நேரத்தை உறுதி செய்துகொள்வார். ஆட்டத்துக்கு ஒரு மணிக்கு மேலாகவே முன்னதாக வந்து முதலில் தரையை மிதித்துப் பார்ப்பார். உறைபனியில் மண் கல்லாக இறுகியிருந்தால் ஆட்டமே இல்லை. கம்பங்களைச் சுற்றி மெத்தை கட்டியிருக்கிறதா, மூலைக் கொடிகள் நிற்கின்றனவா என்று பார்த்தபின், ஆட்டக்காரர்களின் பூட்ஸ் அடிக்குமிழ்களில் கூர்முனை உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பார். பையில் இரண்டு விசில், இரண்டு கடிகாரம், மஞ்சள், சிவப்பு அட்டைகள், டாஸ் போட ஒரு காசு. மழையில் மை கரையும் என்பதால் பேனா அல்ல, பென்சில்! கோட்டோரம் கொடி பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் கிளப்பின் ஆட்களே. பந்து வெளியே போனதா என்பதற்கு அவர்களை நம்பலாம், அடிதடிக்கு நம்ப முடியாது. ஆக, முப்பது பேருக்கு இரண்டே கண்.

பிறகு இரு அணிகளின் முன்வரிசை மூவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவார். 'ஸ்கிரம்' என்பது பக்கத்துக்கு எட்டுப் பேர் பின்னிப் பிணைந்து தலைகளைக் கோத்துத் தள்ளுவது. அது சரிந்தால் நடுவில் இருப்பவனின் கழுத்து அத்தனை பாரத்தையும் தாங்க வேண்டும். இதனால்தான் 2013 முதல் "க்ரவுச், பைண்ட், செட்" என்று நடுவர் மூன்று சொல் சொல்லி ஒவ்வொரு படியாக இறக்குகிறார்.

விளையாட்டுத்தானே என்று வாசகர் நினைக்கலாம். 1998 ஜனவரியில் வேல்ஸில் இரண்டு அமெச்சூர் கிளப்புகளின் இரண்டாம் அணிகள் மோதின. முன்வரிசையில் ஒருவருக்கு அடிபட்டது. பதிலுக்குப் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. தள்ளாத ஸ்கிரம் வைத்துக்கொண்டால் அந்த அணிக்குப் போட்டிப் புள்ளி போய்விடும். நடுவர் முடிவைத் தலைவரிடம் விட்டார். தகுந்த பயிற்சியில்லாத ஒருவர் முன்வரிசைக்கு வந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்கிரம் பிசகி, நடுவில் நின்ற இளைஞருக்குக் கழுத்து முறிந்து கைகால் விளங்காமல் போயிற்று. அமெச்சூர் நடுவரானாலும் ஆட்டக்காரர் பாதுகாப்புக்கு அவர் கடமைப்பட்டவர், அதில் தவறினார் என்று 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அவருக்கான பொறுப்பை வேல்ஸ் ரக்பி யூனியன் ஏற்றது. இளையோர் ஆட்டத்தில் இதே போன்ற தீர்ப்பு 1996-இலேயே வந்திருந்தது. அந்த இடத்தில் தலைவரைக் கேட்டிருக்கவே கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சில முடிவுகளைப் பிறர் தலையில் வைக்க நடுவருக்கு உரிமை இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் மைதான ஓரத்தில் குறிப்பேட்டுடன் நிற்கும் இன்னொரு வயதானவர் எதற்கு என்பது எனக்கு விளங்கியது. அவர் மதிப்பீட்டாளர். பெரும்பாலும் தாமே ஊதி ஓய்ந்தவர். ஒருமுறை அருகில் நின்று எட்டிப் பார்த்தேன். நிமிஷம், நிகழ்ச்சி, முடிவு என்று பத்தி பத்தியாக எழுதிக்கொண்டே போனார். எத்தனை பெனால்டி என்பதல்ல அவருடைய கணக்கு. ஆளைப் பிடித்து விழுத்தியவன் உடனே விட்டு விலகினானா, விழுந்தவன் பந்தை விட்டானா என்ற வரிசையில் நடுவரின் பார்வை போகிறதா? பந்து வெளிவரும்போது அவர் எங்கே நிற்கிறார்? விட்டுவிட்ட தவறு ஆட்டத்தைப் பாதித்ததா, அல்லது எவருக்கும் நஷ்டமில்லாத சில்லறைத் தவறா? ஒரே குற்றம் திரும்பத் திரும்ப வந்தால் வெறுமனே ஊதிக்கொண்டிருந்தாரா, தலைவரைக் கூப்பிட்டு எச்சரித்து, அடுத்தவனைப் பத்து நிமிஷம் வெளியே உட்கார வைத்தாரா? முதல் பாதியில் எட்டு முறை ஊதி இரண்டாம் பாதியில் மூன்று முறை ஊதினால், கூட்டத்துக்கு அவர் 'தூங்கிவிட்டார்'. குறிப்பேட்டிலோ அதுவே நல்ல அடையாளமாக இருக்கலாம், ஆட்டக்காரர்கள் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள்! கடையில் தராசைச் சோதிக்க வருகிற அதிகாரியும் எத்தனை கிலோ விற்றாய் என்று கேட்பதில்லை, முள் எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்கிறார்.

அளவுகோலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2023-24 பருவம் முதல் இங்கிலாந்தின் அமெச்சூர் ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிமட்டத்துக்கு மேலே ஆளைப் பிடிக்கக் கூடாது. தலைக்காயத்தைக் குறைப்பதற்காக வந்த விதி. இருபது வருஷம் ஊதியவரும் தம் கண்ணை ஒரு சாண் கீழே இறக்கிப் பழக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆட்டம் முடிந்து குளித்து வந்தபின் இருவரும் கிளப் அறையில் ஒரு மூலையில் உட்காருவார்கள். தேர்ந்த மதிப்பீட்டாளர் முதலில் தம் குறிப்பைத் திறக்க மாட்டார். "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்பார். நடுவர் தாமே இரண்டு குறையைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இருபது குறை கண்டிருந்தாலும் அடுத்த வாரத்துக்கு ஒன்றிரண்டைத்தான் கொடுப்பார்: "ஸ்கிரம்முக்கு இன்னும் ஓரடி தள்ளி நில்லுங்கள், அந்தக் கோணத்தில் அப்பக்கத்துக் கை தெரியாது" என்பது போல. சம்பளமில்லாத ஆளை ஒரே மாலையில் நொறுக்கிவிட்டால் அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார், ஆட்டமும் நடக்காது. எழுத்து அறிக்கை சில நாள் கழித்து வரும். மேல் நிலை ஆட்டங்கள் கிடைப்பதும் கிடைக்காததும் அப்படிப்பட்ட அறிக்கைகள் பல சேர்ந்த பிறகுதான்.

பல இடங்களில் கிளப்புகளும் நடுவருக்கு மதிப்பெண் எழுதி அனுப்புவதுண்டு. வென்ற அணி தாராளமாகவும் தோற்ற அணி கருமித்தனமாகவும் போடும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மதிப்பீட்டாளர் அதையும் வாங்கிப் பார்ப்பார். இரு பக்கமும் ஒரே குறையை எழுதியிருந்தால் மட்டும் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்வார்.